சின்ன ஸ்பீக்கர் மவுண்டுக்குப் படகு மேட் எதற்கு? ஃபைபர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கார் கதவில் 6.5 அங்குல ஸ்பீக்கர் ஏற்ற ஃபைபர் மவுண்ட் செய்யலாம் என்று ஒருவர் கிளம்பினால், பெரும்பாலும் அவர் கையில் வந்து சேர்வது படகுக்கான சரக்குதான். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் ஃபைபர் படகுகள் வெகுவாகப் பெருகின. தொண்டி, கோட்டைப்பட்டினம் என்று கரைப்பக்கம் போனால் எங்கும் அந்த வேலைதான். படகுக்காரர்கள் கேட்பது 450, 600 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பும், பாய் மாதிரி நெய்த 600 ரோவிங்கும். படகின் அடிப்பாகம் அகலமானது, வளைவு மெதுவாகத் திரும்பும், அலை அடிக்கும் பலம் வேண்டும். அங்கே அந்தச் சரக்கு சரி. நாம் செய்வது இரண்டு கையகலச் சாமான். அதில் நான்கு இடத்தில் வளைவு திரும்புகிறது.

ஸ்பீக்கர் மவுண்ட் பலம் போதாமல் இரண்டாக உடைவது அரிது. மூலையில் காற்று தங்கி, ஓரம் தூக்கி, வெயிலில் கோணி, ஸ்க்ரூ பிடி தளர்ந்து, கடைசியில் கிரகிர என்று அதிர்ந்துதான் கெட்டுப்போகிறது. அதனால் மேட்டை வளைவு பார்த்து வாங்க வேண்டும், மேட்டை நனைத்து இறுகும் பிசினான ரெசினை வெப்பம் பார்த்து வாங்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மீதி வேலை கைப்பழக்கம்.

கடையில் வெறுமனே "மேட்" என்று கேட்டால் கொடுப்பது சாப்டு ஸ்ட்ராண்ட் மேட். சுமார் 5 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய கண்ணாடி இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, லேசான பசையால் பிடிக்க வைத்த விரிப்பு அது. ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான் 300, 450, 600 என்ற எண். ரெசினில் நனைந்து இறுகிய பிறகு 300 மேட் ஓர் அடுக்கு ஏறத்தாழ 0.7 மி.மீ. கனம் தரும். 450 மேட் 1 மி.மீ., 600 மேட் 1.3 மி.மீ.க்குச் சற்று மேல். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டு "நாலு லேயர் போடு" என்று சொல்லவேண்டி வராது.

ரோவிங் வேறு ரகம். கயிறு மாதிரித் தடித்த இழைக்கற்றைகளைக் கட்டம் கட்டமாக நெய்தது. நேரான இழை என்பதால் ஒரே கனத்தில் மேட்டைவிடப் பலம் அதிகம். ஆனால் விரல் கனத்து வளைவில் அது படியாது. பிரஷ்ஷால் குத்திப் படிய வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால், இந்தப் பக்கம் எழுந்து நிற்கும். அடியில் வெள்ளையாக ஒரு காற்றுப் பை. மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த பிறகும் சில மாதத்தில் அந்தக் கட்டம் மேலே தெரியத் தொடங்கும். சின்ன மவுண்டுக்கு ரோவிங்கை ஒதுக்கிவிடுங்கள். பாட்டம் பிளேட் மாதிரித் தட்டையான பெரிய பகுதி இருந்தால் மட்டும் ஓர் அடுக்கு, அதுவும் மேலும் கீழும் மேட் வைத்து நடுவில். ரோவிங்மேல் ரோவிங் நேரடியாக வைத்தால் இரண்டுக்கும் நடுவே பிடிப்பு இருக்காது, தகடு தகடாகப் பிரியும்.

மூன்றாவது, 200 ஜி.எஸ்.எம். அளவில் வரும் நெய்த கண்ணாடித் துணி. இது மெல்லியது, வழவழப்பான மேற்பரப்பு தரும். ட்வில் நெசவு என்றால் சாதா நெசவைவிட நன்றாகப் படியும். எபாக்சி ரெசினோடு வேலை செய்பவர்களுக்கு இதுதான் சரி. காரணம் பசை. மேட்டைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரையும். கரைந்ததும் மேட் தளர்ந்து, ஈரத்துணி போல வளைவில் படியும். எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது, சாதாரண மேட்டின் பசை கரையாது. எவ்வளவு குத்தினாலும் மேட் விறைப்பாகவே நிற்கும், வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரியும். "எபாக்சி விலை கூட, அதனால் நல்லது" என்று வாங்கி, 450 மேட்டோடு சேர்த்துக் கெடுத்த வேலைகள் நிறைய உண்டு. எபாக்சி என்றால் துணி, பாலியெஸ்டர் என்றால் மேட்.

பாலியெஸ்டருக்கான மேட்டிலேயே பவுடர் பசை, எமல்ஷன் பசை என்று இரண்டு வகை. கிடைத்தால் பவுடர் வகையைக் கேளுங்கள், சீக்கிரம் நனையும். நம் வெயிலில் அந்த இரண்டு நிமிட மிச்சம் பெரிய விஷயம். 30 ஜி.எஸ்.எம். டிஷ்யூ என்ற மெல்லிய கண்ணாடி இழை விரிப்பு கால் சதுர மீட்டரும் சேர்த்து வாங்குங்கள். கடைசி அடுக்கின் மேல் அதைப் போட்டால் துருத்தும் இழைகள் அமுங்கும், தேய்க்கும் வேலை பாதியாகும்.

வளைவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. உள்மூலையில் கட்டை விரலை வைத்துப் பாருங்கள். விரல் உட்கார்ந்தால் 450 படியும். சுண்டு விரல்தான் உட்காரும் என்றால் 300 தான். அதுவும் உட்காராத கூர் மூலையில் எந்த மேட்டும் படியாது. முதலில் அந்த மூலையை நிரப்ப வேண்டும். ரெசினில் டால்க் பவுடரும் பொடியாக நறுக்கிய இழையும் கலந்து, தோசை மாவைவிடக் கெட்டியாக, குச்சியில் எடுத்தால் வழியாத பதத்தில் ஒரு கூழ் செய்து, மூலையில் தடவி விரலால் இழுத்து உருட்டிவிடுங்கள். அது இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேட்டை ஏற்றவேண்டும்.

மேட்டைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழிப்பது சின்ன வேலையில் பெரிய வித்தியாசம் தரும். வெட்டிய ஓரம் படிக்கட்டு மாதிரி நிற்கும், அந்தப் படியின் அடியில் காற்று தங்கும். கிழித்த ஓரத்தில் இழைகள் பிரிந்து, பக்கத்துத் துண்டோடு தானே கலந்துவிடும். கதவு மவுண்டுக்கு உள்ளங்கை அளவுத் துண்டு, ட்வீட்டர் (கீச்சொலிக்கான குட்டி ஸ்பீக்கர்) குமிழுக்கு 3 செ.மீ. துண்டு. ஒவ்வொன்றும் பக்கத்துத் துண்டின் மேல் 2 செ.மீ. ஏறட்டும். ரெசின் கலக்கும் முன்பே எல்லாத் துண்டும் கிழித்து அடுக்கி வைத்திருக்க வேண்டும். கலந்த பிறகு கிழிக்க நேரமும் இருக்காது, ஒட்டும் கையுறையால் மேட்டைத் தொட்டால் அது கையோடு வந்துவிடும்.

ரெசினுக்கு வருவோம். ஜி.பி. என்று கேட்டால் கிடைக்கும் சாதாரண பாலியெஸ்டர்தான் மலிவு, எங்கும் கிடைக்கும். முழுதாக இறுகிய பிறகும் ஏறத்தாழ 60–70 டிகிரி செல்சியஸை ஒட்டி அது விறைப்பை இழக்கத் தொடங்கும். ஐசோ ரெசின் 90 டிகிரி அளவுக்குத் தாங்கும், வினைல் எஸ்டர் அதற்கும் மேல். தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும், தரவுத் தாளில் ஹெச்.டி.டி. (எத்தனை டிகிரியில் வளைந்து கொடுக்கும் என்பது) என்ற வரியைப் பார்த்து வாங்குங்கள். அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்சி பலவும் 50–60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் உள்ளே 60 டிகிரி சாதாரணம், டேஷ்போர்டு மேல்பகுதி அதையும் தாண்டும். ஆகவே கதவின் கீழ்ப்பாதியில் வரும் 6.5 அங்குல மவுண்டுக்கு ஜி.பி. போதும். முன் கண்ணாடியை ஒட்டிய பில்லரிலோ டேஷ்போர்டு மேலோ வரும் ட்வீட்டர் குமிழுக்கு ஐசோவுக்குக் குறைந்து போகாதீர்கள். ஒரு ஜோடி குமிழுக்குக் கால் கிலோ ரெசின்தான் செலவு. அதில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

எந்த ரெசினானாலும் மறுநாளே வண்டியில் மாட்டக்கூடாது. கைக்கு இறுகிய மாதிரி தெரியும், உள்ளே இறுக்கம் முடிந்திருக்காது. மவுண்டில் ஸ்பீக்கர் உட்காரும் மர வளையத்தைத் தட்டையான பலகையில் ஸ்க்ரூ வைத்து முடுக்கி, இரண்டு மூன்று நாள் மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். பலகையில் முடுக்காமல் வெயிலில் வைத்தால் கோணிக்கொள்ளும். பிறகு வட்டம் முட்டை வடிவாகி ஸ்பீக்கர் இறங்காது. முகர்ந்து பார்த்தால் ஸ்டைரீன் வாடை போயிருக்க வேண்டும். வாடை இருக்கும்வரை வேலை முடியவில்லை.

கலக்கும் அளவில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். இங்கே கிடைக்கும் ஜி.பி. ரெசின் சிலது, இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கலந்தே வரும், சிலது கலக்காமல் வரும். வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கலந்தது இளஞ்சிவப்பாகவோ ஊதா சாயலிலோ இருக்கும், கலக்காதது வெளிறிய மஞ்சள். கலக்காததற்கு 3 சத கோபால்ட் என்றால் 100 கிராம் ரெசினுக்கு 1 மி.லி. வரை, 6 சதம் என்றால் அதில் பாதி. இதை நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர். அதாவது எம்.இ.கே.பி., 100 கிராமுக்கு 1 முதல் 2 மி.லி. மருந்துக்கடையில் ஊசியில்லாத 2 மி.லி. சிரிஞ்ச் இரண்டு வாங்கி, கோபால்ட்டுக்கு ஒன்று, ஹார்டனருக்கு ஒன்று என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். மாற்றி எடுக்கவே கூடாது.

கோபால்ட்டும் ஹார்டனரும் ரெசின் இல்லாமல் ஒன்றோடு ஒன்று நேராகச் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஒரே சிரிஞ்ச், ஒரே மூடி, ஒரே குச்சி, ஒரே துடைத்த துணி எதுவும் கூடாது. இரண்டு பாட்டிலையும் ஒரே பையில் போட்டு பைக்கில் தொங்கவிட்டு வருவதும் வேண்டாம். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் மூடியைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஹார்டனர் சேர்த்துக் கலக்கும்போது டப்பாவைக் கவனியுங்கள். ஊதாச் சாயல் மெல்ல மாறி, பழுப்பேறி, வெல்லப்பாகு நிறத்துக்கு வரும். டப்பா ஓரத்திலும் அடியிலும் ஊதாக் கோடு மிச்சமிருந்தால் அங்கே ஹார்டனர் சேரவில்லை என்று பொருள். அந்த ரெசின் விழுந்த இடம் கடைசிவரை ஒட்டிக்கொண்டே கிடக்கும். ஓரத்தை வழித்து வழித்து ஒரு நிமிடம் முழுக்கக் கலக்க வேண்டும். நுரை வர அடிக்கக் கூடாது. தெர்மாகோல் கப்பும், மெல்லிய டிஸ்போசபிள் பிளாஸ்டிக் கப்பும் ரெசினில் கரைந்து அடி கழன்றுவிடும். கழுவிக் காயவைத்த தயிர் டப்பா நல்லது. மிச்சம் இறுகிய பிறகு டப்பாவை நசுக்கினால் கட்டியாகக் கழன்று வரும், டப்பா மறுபடியும் ஆகும்.

ஒரு நேரத்தில் 150 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். மார்கழிக் காலையில் 25 நிமிடம் கையில் நின்ற அதே அளவு, கத்திரி வெயில் மதியத்தில் 8 நிமிடம்கூட நிற்காது. டப்பாவில் குவிந்திருக்கும் ரெசின் தன் சூட்டிலேயே இன்னும் வேகமாக இறுகி, புகைந்து, வெடிப்பு விடும். சூடேறுவது தெரிந்தால் உடனே பழைய தட்டில் மெல்லிசாக ஊற்றிவிடுங்கள். கோடையில் நேரம் கூட்ட எல்லோரும் ஹார்டனரைக் குறைக்கிறார்கள். அது தவறு. 1 சதத்துக்குக் கீழே ஹார்டனர் போனால் ரெசின் பாதியிலேயே நின்றுவிடும், பிறகு எத்தனை வெயிலில் வைத்தாலும் ரப்பர் மாதிரி இருக்கும். குறைக்க வேண்டியது கோபால்ட்டை. 3 சத கோபால்ட் என்றால் 100 கிராமுக்கு அரை மி.லி. போதும். கோபால்ட் கலந்து வந்த ரெசினாக இருந்தால் அதுவும் நம் கையில் இல்லை. அதற்கு ஒரே வழி காலை 6 மணிக்கே வேலையைத் தொடங்கி 8 மணிக்குள் முடிப்பது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொல்லை வேறு விதம். மேட் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈர மேட் நனையும்போது தெளியும், இறுகிய பிறகு பால் மாதிரி வெளுத்துவிடும். அந்த வெளுப்பு இருக்கும் இடத்தில் கண்ணாடியும் ரெசினும் ஒட்டவில்லை. மேட் சுருளைப் பாலித்தீனில் சுற்றி உயரத்தில் வையுங்கள். வேலைக்கு முன் ஒரு மணி நேரம் நல்ல வெயிலில் விரித்து எடுங்கள். ரெசின் டின்னைத் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். கோடையில் தானே கெட்டியாகத் தொடங்கும். குச்சியை விட்டுத் தூக்கினால் நூல் நூலாக இழுபட்டு வந்தால் அது போய்விட்டது. ஸ்டைரீன் ஊற்றிக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். தின்னரோ அசிட்டோனோ ஊற்றுவது அதைவிட மோசம். அது உள்ளே அடைபட்டு, பெயிண்ட் அடித்த பிறகு வெயிலில் கொப்புளமாக எழும்.

அளவு எவ்வளவு வாங்கலாம்? அடியில் 22 செ.மீ., மேலே 16.5 செ.மீ., உயரம் 5 செ.மீ., அடியைச் சுற்றி 2.5 செ.மீ. பட்டை உள்ள ஒரு கதவு மவுண்டின் பரப்பு ஏறத்தாழ 0.054 சதுர மீட்டர். 450 மேட் ஓர் அடுக்குக்கு 24 கிராம். மூன்று அடுக்குக்கு 73, ஏறும் ஓரமும் கழிவும் சேர்த்து 95 கிராம் என்று வையுங்கள். மேட்டின் எடைக்கு இரண்டே கால் மடங்கு ரெசின், அதாவது 215 கிராம். வடிவத்துக்காக வளையத்தில் இழுத்துக் கட்டும் அச்சுத் துணி குடிப்பது 80 முதல் 100 கிராம். பிரஷ், டப்பாவில் போவது தனி. ஒரு ஜோடிக்கு 1 கிலோ ரெசினும் முக்கால் சதுர மீட்டர் மேட்டும் வாங்கினால் போதும், கொஞ்சம் மிஞ்சும். ரெசின் கூடினால் பலம் கூடும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பலம் கண்ணாடி இழையில்தான் இருக்கிறது. ரெசின் அதிகமான இடம் கண்ணாடி டம்ளர் மாதிரி, கதவை ஓங்கிச் சாத்தும் ஒரு நாளில் கீறிவிடும்.

நனைக்கும்போது பிரஷ்ஷை இழுக்காமல் குத்த வேண்டும். ஓர் அங்குல மலிவு பிரஷ்ஷின் முடியைப் பாதியாக வெட்டிவிட்டால் குத்துவதற்கு வாகாக விறைப்பாக நிற்கும். முதலில் அச்சின் மேல் ரெசினைத் தடவி, அதன்மேல் மேட் துண்டை வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் ரெசின். இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள், பசை கரையட்டும். அவசரப்பட்டுக் குத்தினால் கரையாத மேட் பிரஷ்ஷோடு உருண்டு வரும். வெள்ளை மறைந்து, அடியில் இருக்கும் துணியின் நிறம் தெரிந்தால் நனைந்துவிட்டது. மிச்சமிருக்கும் வெள்ளைப் புள்ளி காற்று. நடுவிலிருந்து ஓரத்துக்குக் குத்தித் தள்ளி வெளியேற்றுங்கள்.

அச்சுத் துணியாகத் திருப்பூர் பனியன் துணி நன்றாகவே வேலை செய்யும். நான்கு பக்கமும் நீளும், ரெசினை அளவாகக் குடிக்கும். ஃப்ளீஸ் துணி கனம் தரும், ஆனால் இரண்டு மடங்கு ரெசின் குடிக்கும். வீட்டில் கிடக்கும் பழைய கண்டாங்கியை எடுத்து முயல வேண்டாம். நெய்த பருத்தி நீளாது, வளைவில் சுருக்கம் விழும், சுருக்கத்தைத் தேய்த்தால் துணி ஓட்டையாகும். துணியை வளையத்தில் ஸ்டேபிள் அடித்து இழுத்துக் கட்டி, ரெசின் தடவி இறுகியதும் மேட்டை உள்பக்கமாக ஏற்ற வேண்டும். 6.5 அங்குல மவுண்டின் துளை வழியாகக் கை போகும். ட்வீட்டர் குமிழுக்குள் கை போகாது. அதற்கு ரெசினும் பாலியெஸ்டர் பட்டியும் பாதிப் பாதி கலந்து, அதனதன் ஹார்டனரோடு உள்ளே ஊற்றி, சுழற்றிச் சுழற்றிச் சுவரில் பூசி, மிச்சத்தைக் கவிழ்த்துவிடுங்கள். குளம் கட்ட விட்டால் சூடேறித் துணியையே கருக்கும். வடிவம் பிடிக்கத் தெர்மாகோல் வைத்தால் பாலியெஸ்டர் ரெசின் அதைத் தின்றுவிடும். மேலே பிரவுன் டேப் இடைவெளியில்லாமல் சுற்றுங்கள், அல்லது பி.யு. ஃபோம் பயன்படுத்துங்கள்.

ஒரே அளவில் நாலைந்து ஜோடி செய்வதானால் துணி முறை வீண். பெண் அச்சு, அதாவது உட்குழிந்த அச்சு எடுத்துவிடுவதே மேல். தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்காரர்கள் கண்ணாடிப் பலகையின் மேல் முதலில் வண்ணச் சாந்தை ஊற்றிப் பிறகு பின்பக்கத்தை நிரப்புகிறார்களே, அதே வரிசைதான் இதிலும். முகம் முதலில், முதுகு பிறகு. கல்லின் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவதுபோல, மவுண்டின் பளபளப்பு அச்சிலிருந்து வருகிறது. அச்சில் மெழுகுப் பாலிஷ் நாலு கை ஏற்றி, அச்சில் ஒட்டாமல் கழன்று வரப் பி.வி.ஏ. பூசிக் காயவிட்டு, முகப்புப் பூச்சான ஜெல்கோட் அரை மி.மீ. கனத்துக்கு. விரலால் தொட்டால் ஒட்டவேண்டும், விரலில் வரக்கூடாது, அந்தப் பதத்தில் 300 மேட். ஜெல்கோட்டை மெல்லிசாக அடித்தாலோ, இறுகும் முன் மேட் போட்டாலோ, ஸ்டைரீன் ஏறி முதலைத் தோல் மாதிரிச் சுருங்கிவிடும். அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது.

ஆத்தங்குடிக் கல் என்றதும் ஒரு எச்சரிக்கை. வளவிலோ முகப்பிலோ உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஒரு சொட்டு ரெசின் விழுந்தால் அந்தக் கல்லில் ஊறி நின்றுவிடும். அசிட்டோன் போட்டுத் துடைத்தால் கறை அகலமாகும். ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். வெட்டவெளியில், தார்ப்பாய் விரித்து, அடுப்பும் பீடியும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும். தேய்க்கும் தூசிக்கு என்-95 போதும், ரெசின் வாடைக்கு அது பயன்படாது, கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். அரிப்புக்குப் பயந்து கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். அந்த எண்ணெய் பட்ட இடத்தில் அடுத்த அடுக்கும் ஒட்டாது, பெயிண்டும் குழி குழியாக விலகும். முழுக்கைச் சட்டையும் நைட்ரைல் கையுறையும் போதும். வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் முதலில் கழுவுங்கள்.

வளையத்தை 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் வெட்டுங்கள். முத்திரையில் ஐ.எஸ். 710 இருக்க வேண்டும். எம்.டி.எஃப். வெட்டுவதற்குச் சுகம், ஆனால் கதவின் உள்புறம் மழைத்தண்ணீர் ஓடும் இடம். ஒரு ஐப்பசி தாண்டுவதற்குள் ஊறி உப்பி, ஸ்க்ரூ தானே கழலும். நம் ஊரில் பிரித்த வீட்டு பர்மா தேக்குத் துண்டுகள் கிடைக்கும், அருமையான மரம்தான். வளையத்துக்கு வேண்டாம். தேக்கின் இயல்பான எண்ணெயில் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. தவிர ஒரே பக்கம் ஓடும் நார், வட்டமாக வெட்டினால் இரண்டு இடத்தில் குறுகி அங்கே பிளக்கும். பிளைவுட் வளையத்தின் வெட்டுமுகம் முழுக்க இரண்டு கை ரெசின் குடிக்க வையுங்கள். ஸ்பீக்கருக்கு மரஸ்க்ரூ போடாமல், மரத்தில் பதியும் டி-நட்டில் எம்4 போல்ட் போடுங்கள். கழற்றிக் கழற்றி மாட்டினாலும் பிடி போகாது.

மவுண்டை டோர் பேடில் (கதவின் உள்பக்கப் பிளாஸ்டிக் மூடி) ஒட்டிவிடலாம் என்று நினைக்கும் முன் பேடைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே சின்ன எழுத்தில் பிபி என்றோ பிபி-டிடி20 என்றோ அச்சிட்டிருந்தால் அது பாலிப்ரொப்பிலீன். ரெசின் அதில் ஒட்டாது, மறுநாள் நகத்தால் உரிந்து வரும். ஏபிஎஸ் என்றிருந்தால் ஸ்டைரீன் லேசாகக் கரைத்துப் பிடிக்கும், ஆனால் மெல்லிய இடம் கோணும். இரண்டிலும் நம்பத்தக்க வழி ஒன்றே: மவுண்டின் பட்டையைக் கதவுத் தகட்டில் போல்ட் செய்து, நடுவே 3 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம் பட்டை வைத்து, பேடை அதன்மேல் வெட்டிப் பொருத்துவது. அதற்கும் முன்னால் கண்ணாடியை முழுக்க இறக்கி, ஸ்பீக்கர் காந்தத்தின் முதுகில் ஒரு உருண்டைக் களிமண் ஒட்டி மாட்டிப் பாருங்கள். கழற்றும்போது களிமண் 5 மி.மீ.க்குக் கீழே அமுங்கியிருந்தால் வளையத்தின் உயரம் போதாது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் மேல் ஃபோமோ பட்டையோ ஏறக்கூடாது.

கனம் எவ்வளவு என்பதைக் காதால் முடிவு செய்யலாம். விறைப்பு கனத்தின் மூன்றாம் படியில் ஏறும், இரட்டிப்புக் கனத்துக்கு எட்டு மடங்கு விறைப்பு. ட்வீட்டருக்கு 3 மி.மீ. தாராளம். 6.5 அங்குலத்துக்கு வளைந்த சுவரில் 3 மி.மீ. போதும், தட்டையான பட்டையிலும் வளையத்தை ஒட்டியும் 5 மி.மீ. வேண்டும், அதாவது அங்கே மட்டும் 450 மேட் இன்னும் இரண்டு அடுக்கு. வெயிலில் வைத்து எடுத்த மவுண்டை விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வாருங்கள். கட்டியான இடம் "டொக்" என்று அடங்கும். "டங்" என்று நீண்டு ஒலிக்கும் இடம் மெல்லிசு, பொத்தல் சத்தம் வரும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது. மெல்லிய இடத்தின் உள்பக்கத்தை 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, 300 மேட் இரண்டு அடுக்கு ஏற்றுங்கள். பிரிந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், மேலே மூடிவிட்டால் உள்ளே அது அதிர்ந்துகொண்டே இருக்கும். பிறகு பின்பக்கம் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டி மாட்டுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு பேடைக் கழற்றி எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று முடுக்குங்கள், ஃபோம் அமுங்கி எல்லாமே கால் சுற்றாவது இளகியிருக்கும்.